அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனில் வாயைத் திறக்கும் முன்: புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கு

முதுகலை படிக்க வந்த முதல் டிசம்பர். எங்கள் லேபில் எல்லோரும் எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பல்கலையின் ஃபுட்பால் டீம் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால்) கடைசி மேட்சில் தோற்றிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லிவைப்போமே என்று, "பரவாயில்லை, எல்லாம் சின்னப் பசங்கதானே, இதே டீம் அடுத்த வருஷம் ஜெயிச்சிடும்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரே சிரிப்பு. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் வேறு கல்லூரிக்குப் போகப்போவதாக அறிவித்திருந்த வாரம் அது. கோச்சும் கிளம்பப் போகிறார் என்று பேச்சு. "இதே டீம்" என்று எதுவுமே மிச்சமில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியாது.

நான் படித்தது மத்திய மேற்கில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த வரியோடு எழுந்து போய்விடுவீர்கள், அதனால் சொல்லப்போவதில்லை. மூன்று சீசன் பார்த்தாகிவிட்டது. பணத்தை விட்டேன், வாசலில் திருப்பி அனுப்பப்பட்டேன், தப்பான மாதத்தில் தப்பான கேள்வி கேட்டு அசடு வழிந்தேன். நீங்களும் அதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"எனக்கு ஸ்போர்ட்ஸே ஆகாது" என்பவர்களும் படிக்கலாம். இங்கே செப்டம்பர் முதல் ஜனவரி வரை லிஃப்ட், லேப், பார்பர் கடை, வீட்டுக்காரர் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். நம் ஊரில் தேர்த் திருவிழா நாளில் தேரடித் தெருவில் குடியிருப்பவர் "எனக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

1. காலண்டரைப் பிடியுங்கள், கருத்து அப்புறம்

நான் சறுக்கிய இடங்கள் எல்லாமே தேதி தெரியாததால் வந்தவை. இந்த ஆட்டத்தில் வாக்குவாதம் மாதத்துக்கு மாதம் மாறும். செப்டம்பரில் "நாம எவ்வளவு நல்லா இருக்கோம்" என்று பேசுவார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து "கோச்சை வைத்துக்கொள்ளலாமா" என்பதுதான் பேச்சு. டிசம்பர், ஜனவரியில் "யார் போறான், யார் வர்றான்". மாதத்துக்கு உரிய கேள்வியை மட்டும் கேட்டாலே பாதி மரியாதை வந்துவிடும்.

பல்கலையின் தடகளத் துறை இணையதளத்தில் அந்த வருட அட்டவணை இருக்கும். அதை இறக்கி மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான சீசனில் 12 மேட்ச். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் வாரத்தில் முடியும். உள்ளூரில் ஆறோ ஏழோ நடக்கும். இடையில் ஓரிரு வாரம் ஓய்வு. அதற்கு 'பை வீக்' என்று பெயர். அந்தச் சனிக்கிழமை "இன்னைக்கு மேட்ச் எத்தனை மணிக்கு?" என்று கேட்டவன் நான்.

அட்டவணையில் இன்னொன்றும் பாருங்கள். ஏறக்குறைய எல்லா டீமும் ஏதாவது ஒரு கான்ஃபரன்ஸைச் சேர்ந்தவை. கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு. பெரியவை நான்கு: எஸ்.இ.சி., பிக் டென், ஏ.சி.சி., பிக் 12. பெயரைப் பார்த்து எண்ணிக்கையை ஊகிக்காதீர்கள், பிக் டென்னில் இப்போது 18 டீம். செப்டம்பரில் வரும் ஓரிரண்டு மேட்ச், பணம் கொடுத்து வரவழைக்கும் சின்னக் கல்லூரிகளோடு இருக்கும். அதில் 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் யாரும் ரொம்ப அலட்டிக்கொள்வதில்லை. தோற்றால் மட்டும் அந்தக் கதையை ஊர் மறக்காது. 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று மிச்சிகனை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்த்தது. மிச்சிகன்காரரிடம் அந்தக் கல்லூரிப் பெயரை இப்போது சொன்னாலும் முகம் மாறும்.

2. டிக்கெட்: ஆவணம், செலவு, தேதி

மாணவர் சீசன் பாஸ் எப்போது விற்பனைக்கு வரும் என்பது பல்கலைக்குப் பல்கலை வேறுபடும். பல இடங்களில் வசந்தகாலத்திலோ கோடையிலோ, அதாவது நீங்கள் விசா நேர்காணலுக்கு அலைந்துகொண்டிருக்கும்போதே, விற்பனை தொடங்கிவிடும். தேவையானவை:

- பல்கலை மின்னஞ்சலும் லாகினும் இயங்க வேண்டும். சேர்க்கை உறுதியான கையோடு இதை முடியுங்கள்.
- அந்த செமஸ்டருக்குப் பாடங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில் தடை இருந்தால் பாஸ் வராது. எனக்கு மாட்டிக்கொண்டது தடுப்பூசிச் சான்றிதழ். அதற்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சான்றிதழ் இல்லாததால் பதிவுக்குத் தடை, பதிவு இல்லாததால் பாஸும் இல்லை.
- பணம் கட்ட ஒரு கார்டு. இந்திய கார்டாக இருந்தால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்துவையுங்கள்.
- மாணவர் அடையாள அட்டை. மைதான வாசலில் டிக்கெட்டோடு இதையும் கேட்கும் பல்கலைகள் உண்டு.

என் முதல் வருடச் செலவு: பாஸ் 200 டாலர் சொச்சம், ஹூடி 60, மழைக்கோட்டு 10, மைதானத்துக்குள் தண்ணீர், பிரெட்ஸெல் என்று மேட்சுக்கு 15 முதல் 20. உதவித்தொகையில் ஓட்டுபவர்கள் எல்லா மேட்சுக்கும் போக வேண்டும் என்பதில்லை. பாஸ் வாங்கிய நண்பர்கள் சின்ன டீமோடு நடக்கும் மேட்சை மலிவாகத் தருவார்கள். முதல் அனுபவத்துக்கு அது தாராளமாகப் போதும். பரம வைரியோடு நடக்கும் மேட்சுக்கு மட்டும் விலை பல மடங்கு ஏறும்.

பொறிகள் மூன்று. ஒன்று: மாணவர் டிக்கெட்டை மாணவர் அல்லாதவருக்கு மாற்றப் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. ஊரிலிருந்து வரும் அண்ணனுக்கு உங்கள் தோழியின் டிக்கெட்டைக் கொடுத்து வாசலில் நிற்கவைத்துவிடாதீர்கள். இரண்டு: ஸ்கிரீன்ஷாட் செல்லாது. டிக்கெட்டின் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும், அதனால் மாற்றித் தருவதென்றால் முறைப்படி ஆப் வழியாகத்தான். தெரியாதவரிடம் முதலில் பணத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். 85 டாலர் கொடுத்துக் கற்ற பாடம் இது. மூன்று: லட்சம் பேர் கூடும் இடத்தில் நெட்வொர்க் படுத்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே டிக்கெட்டை போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். லட்சம் என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. மிச்சிகன் மைதானத்தின் கொள்ளளவு 1,07,601. பென் ஸ்டேட், ஓஹயோ ஸ்டேட், டெக்ஸாஸ் ஏ&எம், டென்னசி மைதானங்களும் லட்சத்தைத் தாண்டியவைதான்.

3. மேட்ச் நாள்

பையை எடுத்துப் போகாதீர்கள். முதல் மேட்சுக்கு லேப்டாப் பையோடு போனேன். வாசலில் தடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பி வைத்துவிட்டு வருவதற்குள் முதல் கால்பகுதி போச்சு. பல மைதானங்களில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான், அதுவும் 12 x 6 x 12 அங்குலத்துக்குள். பையே கூடாது என்பதும் உண்டு. உங்கள் மைதானத்தின் விதியை முதல் நாளே படித்துவிடுங்கள். ஒரு முறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடாத இடங்களே அதிகம்.

நேரம்: ஆட்டக் கடிகாரம் 60 நிமிடம், நிஜத்தில் மூன்றரை மணி நேரம். நண்பகல் மேட்ச் என்றால் டெயில்கேட் காலை எட்டுக்கே தொடங்கிவிடும். கார் டிக்கியைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, சாப்பிட்டுக் குடித்துக் கூடியிருப்பதுதான் டெயில்கேட். அழைப்பு வந்தால் மறுக்காதீர்கள். சைவர்களுக்கு அங்கே சிப்ஸும் பன்னும்தான், எனவே வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள். நான் ஒருமுறை எலுமிச்சை சாதம் கிளறிக்கொண்டு போனேன். "இது என்ன மஞ்சள் ரைஸ்" என்று ஆரம்பித்தவர்கள் அடிப்பாத்திரம் வரை வழித்துவிட்டார்கள்.

மாணவர் பகுதியில் பல பல்கலைகளில் முழு நேரமும் நிற்க வேண்டும். டெக்ஸாஸ் ஏ&எம்மில் அது மரபு. களத்தில் ஆடும் 11 பேருக்கு அடுத்த '12-வது ஆள்' என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மாணவர்கள் அங்கே உட்காருவதில்லை. செருப்புப் போட்டுப் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள். நவம்பரில் இரட்டை சாக்ஸ், உள்ளே தெர்மல். சிமென்ட் தரையிலிருந்து கால் வழியாக ஏறும் குளிர்தான் ஆளைக் கொல்லும்.

விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 21 வயது ஆகாமல் குடிப்பது, குடித்துவிட்டு ஓட்டுவது இரண்டும் அமெரிக்க மாணவனுக்கு அபராதத்தோடு முடிந்துபோகலாம். நமக்கு அப்படியில்லை, போதையில் ஓட்டிக் கைதானாலே விசாவை ரத்து செய்ய முடியும். வயதுச் சான்றுக்காக அசல் பாஸ்போர்ட்டைக் கூட்டத்துக்குள் எடுத்துப் போவதும் வேண்டாத வேலை. மாநில அடையாள அட்டை கிடைத்ததும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பந்தய ஆப்கள் பக்கமும் போகாதீர்கள். "முதல் 50 டாலர் இலவசம்" என்று கூப்பிடுகிறவன் தர்மம் செய்ய உட்காரவில்லை.

4. விதி, கால் மணி நேரத்தில்

10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முடிந்தால் மறுபடி நான்கு. முடியாது என்று தோன்றினால் நான்காவதில் பந்தை உதைத்து எதிரியிடம் தள்ளிவிடுவார்கள். பந்தோடு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் 1, ஓடியோ எறிந்தோ மறுபடி உள்ளே போனால் 2. இடையில் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 3. இவ்வளவு தெரிந்தால் போதும். மீதியைப் பக்கத்து சீட்காரர் கேட்காமலே சொல்லுவார்.

பந்தை உதைத்துத் தள்ளும் 'பன்ட்டர்'களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியர்கள். மாணவர் விசாவில் வந்தவர்கள், நம்மைப் போலவே ஐ-20 (மாணவர் விசாவுக்கான கல்லூரி ஆவணம்) தொலைந்தால் பதறுபவர்கள். ஏழாம் பகுதியில் பணத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி இவர்களிடம் வருகிறேன்.

5. சீசனைப் பற்றி வாதாட: "யாரிடம் தோற்றோம்?"

வெற்றி தோல்வி எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால் மாட்டிக்கொள்வீர்கள். 9-3 (ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி) என்பது ஒரு ஊரில் கொண்டாட்டம், இன்னொரு ஊரில் சாவு. சீசன் தொடங்கும் முன் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆகஸ்டில் வரும் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) தரவரிசையைப் பாருங்கள். அது பத்திரிகையாளர்களின் வாக்கு, முதல் 25 டீம். அதில் எத்தனாவது இடம் என்பதுதான் அந்த வருடக் கோபத்துக்கு அளவுகோல். 2025-ல் பென் ஸ்டேட் 2-ஆம் இடத்தில் தொடங்கியது. அந்த உயரத்திலிருந்து விழுந்தபோது என்ன ஆனது என்பதைக் கோச் பகுதியில் சொல்கிறேன்.

நவம்பரில் வேறொரு பட்டியல் வரும். அது பிளேஆஃபுக்கு, அதாவது தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிச் சுற்றுகளுக்கு, டீம்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினுடையது, செவ்வாய்க்கிழமைகளில் வெளியாகும். அதன்பின் ஏ.பி. பட்டியலைக் காட்டி வாதாடினால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். 2024 சீசனிலிருந்து பிளேஆஃபில் 12 டீம். 2024, 2025 சீசன்களில் தரவரிசையில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி, மீதி ஏழையும் குழு பொறுக்கியது. முதல் நான்கு டீம்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை அந்தச் சுற்றை டிசம்பரில் சொந்த மைதானத்தில் ஆடும்.

முன்பு நான்கே டீம்தான். அப்போது ஒரு தோல்வியே தலைக்கு மேல் கத்தி. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 மேட்சும் ஜெயித்து, கான்ஃபரன்ஸ் சாம்பியனாகவும் ஆகி, பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்ததால் பழைய பலம் இல்லை என்று குழு முடிவு செய்தது. அந்த ஊர்க்காரரிடம் இதைப் பேசப் போகிறீர்கள் என்றால் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இப்போது அப்படியில்லை. 2024 செப்டம்பரில் நாட்டர் டேம் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றது. சீசனே முடிந்தது என்று எழுதினார்கள். அதே டீம் ஜனவரியில் இறுதிப் போட்டியில் நின்றது. ஆகவே செப்டம்பர் தோல்விக்கு ஒப்பாரி வைப்பவரிடம் "இன்னும் எத்தனை மேட்ச் பாக்கி?" என்று மட்டும் கேளுங்கள்.

டிசம்பரில் ஊருக்கு டிக்கெட் போடுபவர்கள் கவனிக்க: உங்கள் டீம் முதல் சுற்றை உள்ளூரில் ஆடினால் அது நீங்கள் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருக்கும் நேரமாக இருக்கும். அந்த டிக்கெட் சீசன் பாஸில் பெரும்பாலும் சேராது. அறிவித்த சில நாட்களுக்குள் தனியாக வாங்க வேண்டும். நான் போனது ஊருக்குத்தான். வருத்தமில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

6. கோச்சைத் திட்டும் முன்: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

"இவனைத் தூக்கணும்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தூக்க எவ்வளவு ஆகும் என்று தெரிந்தவர் பேச்சுக்குத்தான் மேசையில் எடை. அரசுப் பல்கலை கோச்சின் ஒப்பந்தம் பெரும்பாலும் பொது ஆவணம், உள்ளூர்ப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டிருக்கும். அதில் மூன்றே மூன்றைத் தேடுங்கள்.

முதலாவது, பையவுட். காலம் முடியும் முன் அனுப்பினால் பல்கலை தர வேண்டிய தொகை. 2023 நவம்பரில் டெக்ஸாஸ் ஏ&எம் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது அது சுமார் 7.6 கோடி டாலர். 2031 வரை தவணை ஓடும்.

இரண்டாவது, அவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் இந்தத் தொகையில் கழியுமா? ஃபிஷர் ஒப்பந்தத்தில் கழியாது. பென் ஸ்டேட்டைப் பாருங்கள். 2-ஆம் இடத்தில் தொடங்கிய 2025-ல் ஓரிகன், யூ.சி.எல்.ஏ., நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாக மூன்று தோல்வி. அக்டோபர் 12 அன்று ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அனுப்பினார்கள். தர வேண்டியது சுமார் 4.9 கோடி டாலர். அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்தார், தொகை 90 லட்சத்துக்கு இறங்கியது. ஒரே ஒரு ஷரத்து செய்த வேலை இது. நம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக்கூட இத்தனை கவனமாகப் படித்ததில்லை என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

மூன்றாவது, அவராகவே போனால் என்ன? இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோச் துரத்தப்படுவது மட்டுமல்ல, பறந்தும் போவார். 2025 நவம்பர் கடைசியில் ஓல் மிஸ் (மிசிசிப்பி பல்கலை) 11-1 என்று பிளேஆஃபுக்குத் தயாராக நின்றபோது அதன் கோச் லேன் கிஃபின் எல்.எஸ்.யு.வுக்கு (லூயிசியானா ஸ்டேட்) போய்விட்டார். அதே கான்ஃபரன்ஸில் உள்ள எதிரி டீம்! பிளேஆஃபில் டீமை வேறொருவர் நடத்தினார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சமையல்காரர் எதிர்வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது போலத்தான்.

இங்கே பெரிய பொறி, கடைசி மேட்சின் சூட்டில் தீர்ப்பு எழுதுவது. 2024 நவம்பர் 30. ஓஹயோ ஸ்டேட் சொந்த மைதானத்தில் தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றது. அந்த வைரியிடம் தொடர்ந்து நான்காவது தோல்வி. கோச் ரயன் டேயை உடனே அனுப்பு என்று ஊரே கத்தியது. அதே டே, அதே பையன்களோடு டென்னசி, ஓரிகன், டெக்ஸாஸ், நாட்டர் டேம் என்று வரிசையாகச் சாய்த்து ஜனவரி 20 அன்று தேசிய சாம்பியன் கோப்பையைத் தூக்கினார். நவம்பரில் கத்திய நண்பர் ஒருவரிடம் ஜனவரியில் இதை நினைவூட்டினேன். "அது வேற, இது வேற" என்றார். மிச்சிகனிடம் தோற்றதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

தலைமை கோச்சுக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர் என ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. பந்தை வைத்திருக்கும்போது டீம் திணறினால் தாக்குதல் ஆளைத் திட்டுவது பாதுகாப்பானது. டிசம்பரில் பலிகொடுக்கப்படுவதும் பெரும்பாலும் அவர்தான்.

7. போகிற பையன்கள்: எந்த வாசல் வழியாகப் போகிறான்?

என் மானம் போன இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஐபிஎல்லை மறந்துவிடுங்கள். அங்கே டீம்தான் ஆளை ஏலம் எடுக்கும். இங்கே ஆள்தான் டீமைத் தேர்ந்தெடுக்கிறான், ஒவ்வொரு வருடமும். ஒருவன் "போகிறான்" என்று கேட்டால் நான்கில் எது என்று கேளுங்கள்.

காலம் முடிந்து போவது: ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பது அடிப்படை விதி. ஒரு வருடத்தில் நான்கு மேட்சுக்கு மேல் ஆடாவிட்டால் அந்த சீசன் கணக்கில் சேராது. அதைத்தான் 'ரெட்ஷர்ட்' என்பார்கள். மேட்ச் ஆடாமல் பயிற்சி மட்டும் செய்தவர் போட்ட சிவப்புச் சட்டையிலிருந்து வந்த பெயர், நான் தேடிப் பார்த்துவிட்டேன். கோவிட் வருடமான 2020 யாருக்கும் கணக்கில் சேரவில்லை. அதனால்தான் சில ஆண்டுகளாக 24, 25 வயது 'மாணவர்கள்' களத்தில் தெரிந்தார்கள். காலம் முடிந்து போகிறவனுக்குக் கடைசி உள்ளூர் மேட்சில் பெற்றோரோடு மரியாதை செய்வார்கள். அன்று சீக்கிரமே போய்விடுங்கள்.

என்.எஃப்.எல்.லுக்கு, அதாவது தொழில்முறை லீகுக்குப் போவது: பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே போகிறவர்கள் ஜனவரி நடுவாக்கில் பெயர் கொடுத்துவிடுவார்கள், அந்த லீக் டீம்கள் முறை வைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட் ஏப்ரலில். இவனைத் திட்டாதீர்கள், ஊரும் திட்டாது.

போர்ட்டல்: வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்களின் பெயரை ஏற்ற 2018 அக்டோபரில் வந்த கணினிப் பதிவேடு. பையன் எழுத்தில் கேட்டால் கல்லூரி இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்ற வேண்டும். அதன்பின் மற்ற கல்லூரிகள் பேசலாம். 2021 முதல் ஒரு முறை மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்காரத் தேவையில்லை. 2024 ஏப்ரலிலிருந்து படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. முன்பு டிசம்பரிலும் ஏப்ரலிலும் திறந்தது. 2026-ல் ஒரே சாளரம், ஜனவரி 2 முதல் 16 வரை. கோச் மாறிய டீமுக்கு மட்டும் விலக்கு: புது கோச்சை அறிவித்த ஐந்தாம் நாளிலிருந்து 15 நாள். சாளரத் தேதி அடிக்கடி மாறும், எனவே ஒவ்வொரு டிசம்பரும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: பெயர் கொடுத்தவன் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை.

பௌல் மேட்சில் ஆடாமல் விலகுவது: பிளேஆஃபில் இல்லாத டீம்கள் பலவற்றுக்கு டிசம்பர் கடைசியில் கௌரவ மேட்ச் மாதிரி ஒன்று கிடைக்கும். டிராஃப்டுக்குப் போகிறவன் காயத்துக்குப் பயந்து ஆட மாட்டான், போர்ட்டலுக்குப் போனவன் ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டான். பிளேஆஃப் மறுக்கப்பட்ட அதே ஃப்ளோரிடா ஸ்டேட், முக்கியமானவர்கள் பலர் இல்லாமல் ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. அந்த ஸ்கோரைக் காட்டி "குழு செய்தது சரிதான்" என்று வாதாடுபவர் யாராவது எதிரே இருப்பார். அன்று களத்தில் யார் யார் இல்லை என்று கேளுங்கள்.

பணம் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயர், முகத்தை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், என்.ஐ.எல். என்பது அதுதான். 2025 ஜூலை முதல் கல்லூரியே நேரடியாகப் பங்கு தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் வருட உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அப்படிப் பங்கு தரும் கல்லூரியின் ஃபுட்பால் டீமில் பொதுவாக 105 பேருக்கு மேல் கூடாது. தனிப்பட்ட ஒருவனுக்கு எவ்வளவு என்று சுற்றும் எண்களைப் பெரும்பாலும் ஏஜெண்டுகள்தான் கசியவிடுகிறார்கள், அதை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். அந்த ஆஸ்திரேலிய பன்ட்டரை நினைவிருக்கிறதா? மாணவர் விசாவில் அமெரிக்க மண்ணில் விளம்பர வேலை செய்வது சிக்கல் என்பதால், பக்கத்தில் இருக்கும் அமெரிக்கப் பையன் வாங்கும் காசில் பலதை அவன் தொட முடியாது. அந்த விசா விதி நமக்கும் அவனுக்கும் ஒன்றுதான்.

"போர்ட்டல் வந்து ஆட்டமே கெட்டது" என்று யாராவது ஆரம்பித்தால் இந்தியானாவைச் சொல்லுங்கள். 2023-ல் 3-9. கர்ட் சிக்னெட்டி என்ற கோச் ஜேம்ஸ் மேடிசன் பல்கலையிலிருந்து தன் பழைய பையன்கள் பலரையும் போர்ட்டல் வழியாகக் கூட்டிக்கொண்டு வந்தார். 2025 சீசனில் 16-0, தேசிய சாம்பியன். என்னைக் கேட்டால் போர்ட்டல் நல்லதுதான். கோச் நினைத்த நாளில் கிளம்பலாம், பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? எங்கள் லேபில் இதை ஒப்புக்கொள்பவர் என்னையும் சேர்த்து இரண்டு பேர்.

செய்தியைச் சரிபார்க்க: போர்ட்டல் பதிவேட்டை நாம் பார்க்க முடியாது. பையனின் சொந்தப் பக்கத்திலோ கல்லூரி அறிவிப்பிலோ வரும்வரை வாட்ஸப் குழுவில் தள்ளாதீர்கள். அவனுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பித் திட்டுவதோ கெஞ்சுவதோ அறவே வேண்டாம். நம் வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பவன் அவனாகவே இருக்கலாம். எனக்கு அப்படி நேர்ந்தது, புள்ளியியல் வகுப்பில்.

8. 'நாம' எப்போது சொல்லலாம்?

இங்கே ரசிகர்கள் டீமைப் பற்றிப் பேசும்போது தன்மைப் பன்மைதான். முதல் வருடம் நான் "அவங்க தோத்துட்டாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், லேபில் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான், சுலபமாக நுழைந்துகொள்ளலாம். தமிழில்தான் சங்கடம். இரண்டாம் வருடம் அம்மாவிடம் போனில் "நாங்க தோத்துட்டோம்மா" என்று வாய்தவறி வந்துவிட்டது. "நீயும் ஆடினியாடா?" என்றார். ஒரு மேட்சாவது மழையில் நனைந்து கடைசிவரை நின்று பார்த்தவர் 'நாங்க' சொல்லலாம் என்பது நானாக வைத்துக்கொண்ட விதி.

9. சுவரில் ஒட்டிவைக்க

மார்ச் முதல் ஜூலை: மாணவர் பாஸ் விற்பனை அறிவிப்பைத் தேடுங்கள். பதிவுத் தடைகளை நீக்குங்கள்.
ஆகஸ்ட்: ஏ.பி. பட்டியல், மைதானப் பை விதி.
அக்டோபர் நடு: கோச்சின் ஒப்பந்தம்.
நவம்பர் முதல் வாரம்: பிளேஆஃப் குழுவின் முதல் பட்டியல். ஊருக்குப் போகும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடிகிற வகையில் எடுங்கள்.
டிசம்பர் முதல் புதன்: பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாள், புதிதாக வருபவர்கள் அன்று தெரிவார்கள். அந்த வார ஞாயிறு, பிளேஆஃப் பட்டியல்.
ஜனவரி: போர்ட்டல் சாளரம், டிராஃப்ட் கெடு, இறுதிப் போட்டி. டீம் பற்றி ஆறுதல் சொல்வதானால் இவை மூன்றும் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

பாஸ் விற்பனை மின்னஞ்சல் எனக்கு இரண்டு வருடமும் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போனது. அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.